சுவரில் போடாத கோடுகள்

ஒரே சாமான் இரண்டு இருந்தால் எனக்குப் பொறுக்காது. வீட்டில் இரண்டு சீப்பு இருந்தால்கூட ஒன்றை யார் தலையிலாவது கட்டிவிடுவேன். பதுளை பஜாரில் முதலாளி ஸஹாப்தீன் நானாவின் ஸ்டூடியோவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அங்கேயும் இதே புத்திதான். யாருடைய போனிலிருந்தாவது கம்ப்யூட்டருக்குப் படம் இறக்கினால், ஒரே படம் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்த்து ஒன்றைத் தூக்கிவிடுவேன். "கம்சலா இருக்கும் வரைக்கும் எங்கட கம்ப்யூட்டர்ல குப்ப சேராது" என்று நானா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. போன தீபாவளிக்கு அது இறங்கியது.

என் அக்கா பூவம்மா அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேமலை லயத்தில் இருக்கிறாள். கொழுந்து எடுக்கும் வேலை. அவள் கணவர் லிங்கம் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் அக்காவும் ஏழு வயது மகள் மேனுஷாவும்தான். பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நிற்கிற அந்த லயத்தில் அவர்களுடையது கடைசி வீடு. அதன் குசினிச் சுவருக்குப் பின்னால் நேரே மலை தொடங்குகிறது.

ஆடி மாதம் அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் தலைமயிர் அளவுதான். இந்தப் பக்கத்தில் வெடிப்பு என்றால் யாரும் சும்மா இருப்பதில்லை. மீரியபெத்தவில் மலை இறங்கி லயங்களை மூடியதும் ஒரு தீபாவளி முடிந்த கிழமையில்தான். மண்சரிவு பார்க்கிற தொழில்நுட்ப அதிகாரி ஸ்ரீஸ்கந்தராஜா பதுளையிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர், குடையைக் கையில் வைத்துக்கொண்டே மழையில் நனைகிறவர். லயத்துச் சனத்தைக் கோயிலடியில் கூட்டி வைத்துச் சொன்னார்.

"வெடிப்பு முடியிற இடத்தில ஒரு கோடு கீறுங்கோ. பக்கத்தில திகதியைப் போடுங்கோ. ஒவ்வொரு ஞாயிறும் இதைச் செய்யவேணும். போன கிழமை கீறின கோட்டை வெடிப்புத் தாண்டிப் போனால், மலை அசையுது எண்டு அர்த்தம்."

மற்றவர்கள் இரண்டு கிழமை செய்தார்கள், பிறகு மறந்தார்கள். அக்கா மறக்கவில்லை. ஆனால் சுவரில் கோடு போட அவளுக்கு மனம் வரவில்லை. என் அக்காவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் வாசலைக் கூட்டி, வாளியைக் கவிழ்த்து, துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுத்தான் போவாள். லயம் கம்பனியுடையது, சுவர் அவளுடையது. "செவுத்துல கிறுக்கி வச்சா அது வீடா? வர்றவங்க என்னா நெனப்பாங்க?" என்றாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்த ஐபோன் ஒன்றை லிங்கம் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனுஷா பள்ளிக்கூடத்தில் கோடு போடுகிற அடிமட்டத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பாள். பிறகு போனிலேயே அந்தப் படத்தைத் திறந்து, வெடிப்பு முடியும் இடத்தில் விரலால் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் திகதி எழுதுவாள். சுவரும் சுத்தமாக இருக்கும், கோடும் இருக்கும். இப்படிப் பதினாலு ஞாயிறு. அடுப்புக் கரி ஏறிய சுவரில் அந்த வெடிப்பு எங்கே முடிகிறது என்று சும்மா பார்த்தால் தெரியவே தெரியாது. அந்தச் சிவப்புக் கோடு இருந்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். முதல் கோட்டிலிருந்து பதினாலாவது கோட்டுக்கு ஒன்றேகால் அடி நகர்ந்திருந்தது.

மழைக்கு முன்னால் எந்தெந்த லயங்களைக் காலி செய்ய வேண்டும் என்ற பட்டியல் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போக இருந்தது. அதற்குள் படங்களைத் தன் கையில் சேர்க்கும்படி ஸ்ரீஸ்கந்தராஜா சொல்லியிருந்தார். பட்டியலில் பெயர் இருந்தால் பன்னிரண்டு குடும்பமும் உடனே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாறலாம். பிறகு வேறு இடத்தில் வீடு. பெயர் இல்லையென்றால் அந்த மழையையும் மலைக்கடியில்தான் படுத்துக் கழிக்க வேண்டும்.

அதற்கு முந்தின சனிக்கிழமை அக்கா மேனுஷாவுக்குச் சட்டை எடுக்கப் பதுளைக்கு வந்தாள். போன் நிறைந்து வழிகிறது, ஒரு படமும் எடுக்க முடியவில்லை என்றாள்.

"இந்தச் செவுத்துப் படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு, அந்த ஐயாவுக்கும் குடுத்துர்றியா? அப்பறம் போன்ல அழிச்சிரு."

"குடுத்துட்டுப் போக்கா. இது எனக்கு ஒரு வேலையா?"

அவள் போனைத் திறந்து தந்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் வயரைச் செருகிப் படங்களை இறக்கினேன். பார்த்தால், பதினாலு படம் இருபத்தெட்டாக வந்து நின்றது. ஒவ்வொன்றும் இரண்டு. இரண்டுக்கும் ஒரே இலக்கம்; ஒன்றின் பெயர் நடுவில் மட்டும் ஆங்கில ‘ஈ’ எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. இவை போதாதென்று எதிலும் திறக்காத குட்டிக் குட்டிக் கோப்புகள் வேறு. முத்திரை அளவுக்குச் சின்னதாகத் தெரிந்த படங்களில் இரண்டும் ஒரே கரிச்சுவர்தான். திறந்து பார்த்திருக்கலாம். வாசலில் பாஸ்போர்ட் படத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். ‘ஈ’ ஒட்டியதெல்லாம் குப்பை என்று நானாகவே தீர்மானித்து, பதினாலையும், அந்தக் குட்டிக் கோப்புகளையும் திரும்பி வராதபடி அழித்தேன். மிச்சத்தைப் பென்டிரைவில் போட்டேன்.

பிறகு போனிலும் அழித்தேன். அழித்த படங்கள் போனிலேயே ஒரு மறைவான இடத்தில் முப்பது நாள் கிடக்கும், அங்கேயும் போய் அழித்தால்தான் இடம் வரும் என்பது என் தொழிலில் அரிச்சுவடி. அதைத் திறக்கப் போனால் போன் அக்காவின் முகத்தைக் காட்டச் சொன்னது. என் முகம் அதற்குப் பிடிக்கவில்லை. "சனியனே" என்று திட்டினேன். அக்கா பைகளோடு ஓடி வந்தாள், பஸ் கிளம்பப் போகிறதாம். போனைப் பிடுங்கிக்கொண்டு, "படமெல்லாம் பத்தரமா இருக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாம் என்கிட்ட பத்தரமா இருக்கு. நீ நிம்மதியா தீவாளி கொண்டாடு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவள் போனாள். பென்டிரைவை அன்றைக்கே ஸ்ரீஸ்கந்தராஜாவின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவரே கடைக்கு வந்தார். நனைந்த குடையைக் கதவோரம் சாத்தினார்.

"பிள்ளை, நீங்கள் தந்ததில ஒரு கோட்டையும் காணேல்லை. வெறும் சுவர்தான் இருக்கு. பதினாலு கரிச்சுவர்."

"இல்ல சேர், அக்கா போன்ல கோடு போட்டாளே. போன தடவ லயத்துக்குப் போனப்ப நான் என் கண்ணால பாத்தேன்."

"நானும் அதை நம்பித்தான் நேற்று மேமலைக்குப் போனனான். நேரில அளப்பம் எண்டு. அங்கை போனால் லயம் முழுக்கச் சுண்ணாம்பு. உங்கட அக்கா வெடிப்பைச் சீமெந்தால அடைச்சு அதுக்கு மேல வெள்ளை அடிச்சு வைச்சிருக்கிறா. கலியாண வீடு மாதிரி இருக்கு. இதில நான் எதை அளக்கிறது?"

தீபாவளிக்கு லயத்தில் எல்லோரும் சுண்ணாம்பு அடிப்பார்கள், வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் அக்கா வெடிப்பை அடைத்தது நான் சொன்ன வார்த்தையால். படம் தங்கச்சியிடம் பத்திரமாக இருக்கிறது, இனி அந்த அசிங்கம் சுவரில் எதற்கு என்று நினைத்திருக்கிறாள். சுவரில் இருந்ததை அவள் மூடினாள், படத்தில் இருந்ததை நான் அழித்தேன். அக்காளும் தங்கையும் சேர்ந்து பன்னிரண்டு குடும்பத்துக்குக் குழி பறித்திருந்தோம்.

"வெள்ளிக்கிழமை பட்டியல் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் போனதும் என் போனில் நானே ஒரு படம் எடுத்து, கோடு இழுத்து, கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். கோடு அப்படியே வந்தது. என் போன் வேறு சாதி. பிறகு ஸஹாப்தீன் நானாவின் மகளுடைய ஐபோனை வாங்கி அதே போலச் செய்தேன். இரண்டு வந்தன. சும்மா எடுத்த படம் ஒன்று, ‘ஈ’ ஒட்டிய படம் ஒன்று. ‘ஈ’ ஒட்டியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில்தான் கோடு இருந்தது. அந்தப் போன் எடுத்த படத்தைக் கெடுக்காமல் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நாம் செய்த மாற்றத்தை இன்னொன்றாகத் தருகிறது. ஆறு வருடத்தில் எத்தனை பேருடைய ‘ஈ’யைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். அவமானமாக இருந்தது. அப்போதுதான் அந்த முகம் கேட்ட போன் ஞாபகம் வந்தது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். மேமலையில் சிக்னல் இல்லை. புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் வேண்டாத தெய்வமில்லை. இடம் போதவில்லை என்று அக்காவே அந்த மறைவான இடத்தையும் திறந்து அழித்திருந்தால் எல்லாம் முடிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏணியில் நின்று வாசல் பக்கச் சுவருக்கு இரண்டாவது தடவை சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். தலையில் துவாய், முகமெல்லாம் வெள்ளை.

"அக்கா, அழிச்ச படத்தையெல்லாம் எங்கயாச்சும் போயி திரும்ப அழிச்சியா?"

"நீ என்னாடி காலங்காத்தால பேய் அடிச்ச மாதிரி வந்து நிக்கிற? நான் ஒன்னையும் தொடல. ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கினாள். சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"பத்தரமா இருக்குன்னியேடி."

உள்ளே போய் அவளுடைய போனை எடுத்து வந்தேன். அந்த மறைவான இடத்தைத் தட்டி அவளிடம் நீட்டினேன். அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். போன் அவளை அடையாளம் காணவில்லை. இன்னொரு தடவை பிடித்தாள். இல்லை. மேனுஷா பக்கத்தில் நின்று, "அம்மா, நீ பேய் மாதிரி இருக்க, அதான்" என்று சிரித்தாள். அக்கா தண்ணீர் விழும் பீலியடிக்கு ஓடி, மணல் போட்டுத் தேய்க்கிற மாதிரி முகத்தைத் தேய்த்துக் கழுவி, ஈரம் சொட்ட வந்து நின்றாள். போன் திறந்தது.

பதினாலும் கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் இன்னும் இருபத்தாறு நாள் என்று எழுதியிருந்தது. திருப்பி எடுத்தேன். ஒன்றைப் பெரிதாக்கினேன். கரிச்சுவர், மேனுஷாவின் அடிமட்டம், குட்டி விரல்கள், சிவப்புக் கோடு, திகதி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. "எந்திரி, வேலய பாரு" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் இருவரும் பதுளைக்கு வந்தோம். மறுபடி இறக்கினேன். இருபத்தெட்டு வந்தது. இந்த முறை ஒன்றையும் தொடவில்லை. கோடு போட்ட பதினாலையும் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். ஸஹாப்தீன் நானா நல்ல தாளாகப் பார்த்து எடுத்துத் தந்தார்.

ஸ்ரீஸ்கந்தராஜா பிரிண்டுகளை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நான் உங்களை நம்பிறன். ஆனால் பட்டியலைப் பாக்கிறவை கேப்பினம். கோட்டையும் திகதியையும் நேற்றுக் கூடக் கீறியிருக்கலாம்தானே? சுவரும் இப்ப வெள்ளை."

அக்கா எழுந்துவிட்டாள். "என்னாங்கய்யா, நாங்க பொய் சொல்லுறமா?"

நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இருபத்தெட்டையும் போட்டுக் கொண்டுபோன பென்டிரைவை அவருடைய கம்ப்யூட்டரில் செருகி, முதல் ஞாயிற்றின் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன்.

"சேர், இது கோடு போடாதது. போன் எடுத்தபடியே இருக்கு. எடுத்த நாளும் நேரமும் இதுக்குள்ளயே இருக்கு, பாருங்க. இதுல அடிமட்டமும் இருக்கு, வெடிப்பும் இருக்கு. எங்க பாக்கணும்னு மத்தது காட்டும். அங்க பெரிசாக்கிப் பாருங்க."

அவர் பார்த்தார். கோடு காட்டிய இடத்தில், கோடில்லாத படத்தில், மயிர் போன்ற வெடிப்பு முடிந்தது. இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது ஞாயிறு என்று பதினாலையும் தானே திறந்தார். நான் முதலில் கொடுத்த வெறும் சுவர்ப் படங்களைத்தான் இவ்வளவு கவனமாகப் பார்த்தார். ஐந்து நாளுக்கு முன் அவை ஒன்றுக்கும் உதவாமல் இருந்தன. கடைசிப் படத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு எழுந்தார்.

"வெளிக்கிடுங்கோ. ஜீப் நிக்குது. நேரில ஒருக்கால் பாத்துப்போட்டு எழுதிறன்."

மத்தியானம் மேமலையில் மழை விட்டிருந்தது. குசினிச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்று நாள் பாடு. அதில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா பதினாலாவது பிரிண்டை வாங்கினாள். மூலையிலிருந்து அடிமட்டத்தால் அளந்தாள். பிறகு தோசைக் கரண்டியை எடுத்து, அவள் அடித்த சுண்ணாம்பை அவளே சுரண்டத் தொடங்கினாள். லயத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அதற்கடியில், ஞாயிற்றுக்கிழமை அவள் அடைத்த சீமெந்து இரண்டாகப் பிளந்திருந்தது.

அவள் நிறுத்தவில்லை. பிளவு போகிற பக்கமாகச் சுரண்டிக்கொண்டே போனாள். பதினாலாவது கோடு இருந்த இடத்தைத் தாண்டி நாலு விரல் அகலத்தில்தான் அது முடிந்தது. கடைசிக் கோடு போட்டுப் பதினொரு நாளில் நாலு விரல். சுவருக்கு அந்தப் பக்கம் மலை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "நீங்களே போடுங்கோ."

அவள் பேனையை வாங்கி, சுவரில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் துடைத்தாள். பிறகு தன் வெள்ளைச் சுவரில், எல்லோரும் பார்க்க, கனமாக ஒரு கோடு இழுத்துத் திகதியை எழுதினாள். மேனுஷா அடிமட்டத்தைப் பிடித்தாள். நான் படம் எடுத்தேன்.

"நாளைக்கு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை" என்றார் அவர். "பட்டியலை நான் பாத்துக்கொள்ளுறன். இண்டைக்குப் பொழுதுபடமுன்னம் பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ."

போனார்கள். அந்தத் தீபாவளி தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான். வகுப்பறைக்கு இரண்டு குடும்பம். கரும்பலகையில் பிள்ளைகள் பூவாணம் வரைந்தார்கள். அக்கா வடை சுட்டு, பிறகு வகுப்பறையைக் கூட்டி, மேசைகளை நேராக அடுக்கினாள். "இது ஒன் வீடு இல்லக்கா" என்றேன். "இருக்கிற வரைக்கும் வீடுதான்" என்றாள்.

கார்த்திகை மழையில் ஒரு காலை, மேமலையில் அந்தக் குசினிச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. பின்னாலிருந்து வந்த மண் கடைசி இரண்டு வீட்டையும் ஜன்னல் உயரத்துக்கு நிரப்பியது. மேனுஷா பாய் போட்டுப் படுக்கிற இடம் அங்கேதான். செய்தி வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில், அக்காவின் மடியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

தையில் அவர்களுக்குத் தற்காலிக வீடு கிடைத்தது. சமதரையில், தகரக் கூரை, பலகைச் சுவர். மலை தூரத்தில். பொங்கல் கழிந்த சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்து போனை நீட்டினாள்.

"இதுல ஒரு படம் இருக்கு. எறக்கிக் குடு."

நான் வயரைச் செருகினேன். இரண்டு வந்தது. முதல் படத்தில் மேனுஷா புது வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி, குதிகாலை ஒட்டி, விறைப்பாக நின்றாள். இரண்டாவதிலும் அப்படியே. ஆனால் அவள் தலைக்கு மேலே, சுவர் இருக்கிற இடத்தில், ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் திகதி.

"வளர்றாளான்னு பாக்கணும்ல" என்றாள் அக்கா. "புதுச் செவுரு. கிறுக்க மனசு வரல."

மேனுஷா என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து இரண்டையும் போட்டேன். மாதம் ஒன்று வருகிறது, இப்போது ஐந்து மாதம். நேற்று ஸஹாப்தீன் நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன கம்சலா, எல்லாம் ரெண்டு ரெண்டாக் கெடக்குது?"

"கெடக்கட்டும் நானா" என்றேன்.